மார்பு எக்ஸ்ரேயை யார் படிப்பது: டெலிரேடியாலஜியா, விலைக்கு வாங்கும் ஏஐயா, சொந்தமாகச் செய்யும் மாடலா?

கடந்த சில மாதங்களில் ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. ஊர் பெயர்தான் வேறு, நிலைமை ஒன்றுதான். முப்பது, நாற்பது படுக்கை உள்ள மருத்துவமனை. புதிதாக டிஆர் மெஷின் (பிலிம் இல்லாமல் நேராகக் கணினியில் படம் தரும் டிஜிட்டல் எக்ஸ்ரே) போட்டாயிற்று. ஒரு நாளைக்கு ஐம்பது மார்பு எக்ஸ்ரே வரை எடுக்கிறார்கள். ரேடியாலஜிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். மற்ற நாட்களில் டூட்டி டாக்டர் திரையைப் பார்த்துத் தனக்குத் தோன்றியதை ஓபி சீட்டில் எழுதுகிறார். ஒருவர் போனில் இப்படிக் கேட்டார்: "ஏஐ வாங்கிடலாமா சார், இல்ல படத்த வெளியில அனுப்பி ரிப்போர்ட் வாங்கலாமா? எங்க தம்பி மகன் கம்ப்யூட்டர் படிச்சிருக்கான், ரெண்டு மாசத்துல நானே பண்ணித் தரேங்கறான்."

நான் டாக்டர் இல்லை. ஸ்கேன் சென்டர்களுக்குப் பேக்ஸ் சர்வர் (படங்களைச் சேமித்து அனுப்பும் கணினி) அமைத்துக் கொடுப்பதும், படம் போய்ச் சேராதபோது ராத்திரியில் திட்டு வாங்குவதும்தான் தொழில். அந்த இடத்திலிருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன். எல்லா நோய்க்கும் சேர்த்துப் பேசினால் ஒன்றும் தேறாது என்பதால் காசநோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மார்பு எக்ஸ்ரேயில் கணினிக்கு அதிகப் பரீட்சை நடந்திருக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் டிபி தேடும் முதற்கட்டத்தில், மனிதர் படிப்பதற்குப் பதிலாக மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் பரிந்துரைத்தது. அந்த வயது வரம்பை மறந்துவிட வேண்டாம். குழந்தைகளின் படத்தை இந்த மென்பொருளில் ஏற்றிவிட்டு எண் வந்ததே என்று திருப்திப்பட்டுக்கொள்ளும் இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

விற்பனைப் பிரதிநிதி வந்ததும் முதலில் காட்டுவது துல்லியச் சதவீதம். அதை ஓரமாக வையுங்கள். அதற்கு முன் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

உங்களிடம் வருபவர்கள் யார்? இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. ஒரு மென்பொருள் டிபி உள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, இல்லாத நூறு பேரில் 70 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரமாக இருமல், எடை குறைவு என்று ஓபிக்கு வரும் ஆயிரம் பேரில் நூறு பேருக்கு டிபி இருந்தால், மென்பொருள் 360 பேரைச் சுட்டிக்காட்டும். அதில் 90 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். நாலு பேருக்குச் சளிப் பரிசோதனை செய்தால் ஒருவர் கிடைக்கிறார் என்றால் தாராளமாகச் செய்யலாம். அதே மென்பொருளை ஒரு பனியன் கம்பெனியின் வருடாந்திர மெடிக்கல் செக்கப்பில் ஓட்டுங்கள். அங்கே ஆயிரம் பேரில் ஐந்து பேருக்குத்தான் நோய் என்றால், அது 303 பேரைக் கூப்பிடும். அதில் 298 பேர் சும்மா வந்து, பயந்து, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போவார்கள். மென்பொருள் மாறவில்லை, வரிசையில் நின்றவர்கள்தான் மாறினார்கள்.

படம் எப்படி வருகிறது? டிஆர் மெஷினிலிருந்து டைகாம் கோப்பாக (மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவம்) நேரே வருகிறதா, சிஆர் கேசட்டா (தகட்டில் எடுத்து ஸ்கேன் செய்வது), அல்லது பிலிமை வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்களா? மெஷின் தரும் படத்தில் பொதுவாக 4096 சாம்பல் நிலைகள் இருக்கும். ஜேபெக் ஆக்கியதும் அது 256 ஆகிவிடும். வாட்ஸ்அப் அதையும் நசுக்கும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் கணினி படிப்பது அந்த எண்களைத்தான். சில மெஷின்கள் கருப்பு வெள்ளையைத் தலைகீழாக வைத்து அனுப்பும். அது தலைகீழ் என்று டைகாம் தலைப்பில் குறிப்பும் இருக்கும். அதைப் படிக்காத மென்பொருள் நல்ல நுரையீரலைப் பார்த்து அலறும்.

மெஷினைவிடப் பெரிய விஷயம் எக்ஸ்ரே அறைக்குள் நடப்பது. நம்மூரில் முதலில் பார்க்க வேண்டியது சடை. பெண்களின் பின்னல் தோள் மேல் விழுந்தபடி படம் எடுத்தால், காறை எலும்புக்கு மேலே நுரையீரல் உச்சியில் மங்கலாக ஒரு நிழல் விழும். டிபி விரும்பி உட்காரும் இடமும் அதுவேதான். அனுபவமுள்ள டாக்டர் கழுத்துக்கு மேலேயும் அந்த நிழல் தொடர்வதைப் பார்த்து, "சடையத் தூக்கிக் கட்டிட்டு இன்னொண்ணு எடும்மா" என்று சொல்லிவிடுவார். நுரையீரலை மட்டும் வெட்டியெடுத்துப் பார்க்கும் மென்பொருளுக்குக் கழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. இதோடு ஊக்கு, தாலிச் சங்கிலி, தாயத்து, முழு மூச்சு இழுக்காமல் எடுத்த படம், வார்டில் படுக்க வைத்து முன்பக்கத்திலிருந்து எடுத்த படம் எல்லாம் சேரும். படுக்கையில் எடுத்த படத்தில் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இதையெல்லாம் எந்த வழி எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பதில் வந்ததும் யார் என்ன செய்வார்கள்? எக்ஸ்ரே டிபியை உறுதி செய்யாது. சளியை ட்ரூநாட் அல்லது சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனையில் போட்டுப் பார்க்க வேண்டும். உறுதியானால் நிக்ஷய் என்ற அரசின் டிபி பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். தனியார் மருத்துவமனைக்கும் இந்த அறிவிப்பு 2012 முதல் கட்டாயம். சளி சேகரிக்க ஆள் இல்லாத இடத்தில் ஏஐ வாங்குவது, வாசலில் மணி கட்டிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது மாதிரி.

கையெழுத்து யாருடையது? ரிப்போர்ட் தவறினால் கேள்வி கேட்கப்படுபவர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். படம் மருத்துவமனையைத் தாண்டிப் போகிறதென்றால் அதோடு பெயர், வயது, போன் எண் போகிறதா என்பதும் இதில் அடங்கும். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

மொத்தச் செலவு. ஒரு படத்துக்கு எவ்வளவு என்பது பாதிதான். மீதிப் பாதியைக் கீழே ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன்.

## வழி 1: டெலிரேடியாலஜி

படம் இணையத்தில் போகும், எங்கோ உட்கார்ந்திருக்கும் ரேடியாலஜிஸ்ட் படிப்பார், ரிப்போர்ட் திரும்பி வரும். பழைய வழிதான், ஆனால் பலம் குறைந்ததல்ல. அவர் டிபி மட்டும் பார்ப்பதில்லை. விலா எலும்பு முறிவு, இதய வீக்கம், நீர் கோத்திருப்பது, ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டி எல்லாம் ஒரே பார்வையில் வந்துவிடும். சடையை சடை என்று சொல்வார். பதிவு எண்ணோடு கையெழுத்தும் இருக்கும். சந்தேகம் வந்தால் போன் செய்து, "டாக்டர், இவருக்கு அஞ்சு வருஷம் முன்னாடி டிபி வந்து மருந்து சாப்பிட்டிருக்கார்" என்று சொல்லலாம். அந்த ஒரு வரியில் ரிப்போர்ட்டே மாறும்.

மறைவாக இருக்கும் செலவு நேரம். மூன்று மணி நேரத்தில் ரிப்போர்ட் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். அடுத்த நாள் அவரைப் போனில் கூப்பிட்டு வரவழைப்பது யார் வேலை? வராதவர்தான் இதில் மிகப் பெரிய நஷ்டம், அது எந்த பில்லிலும் வராது.

இன்னொன்றும் உண்டு. எண்ணிக்கைக்குப் பணம் என்று வேலை நடக்கும் இடத்தில் நாளின் இருநூறாவது மார்பு எக்ஸ்ரேக்குக் கிடைக்கும் கவனம் முதலாவதுக்குக் கிடைக்காது. "குறிப்பிடத்தக்க கோளாறு இல்லை" என்ற ஒரே வரி தொடர்ந்து வந்தால், மாதம் ஒருமுறை பத்துப் படத்தை எடுத்து உங்கள் வாராந்திர ரேடியாலஜிஸ்ட்டிடம் மறுபடி காட்டுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை.

தினம் ஐம்பது படத்துக்குக் குறைவாக, வரும் நோய்களும் கலவையாக இருக்கும் சாதாரண ஓபிக்கு என் வாக்கு இதற்குத்தான்.

## வழி 2: விலைக்கு வாங்கும் ஏஐ

மும்பையைச் சேர்ந்த கியூர் நிறுவனத்தின் கியூஎக்ஸ்ஆர், நெதர்லாந்தின் கேட்4டிபி, கொரியாவின் லூனிட் போன்றவை இந்த வரிசையில் வருகின்றன. படத்தை ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் ஒரு எண்ணும், சந்தேகப் பகுதியில் வண்ணம் பூசிய படமும் வரும். நோயாளி சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் பதில் தயார். சளி டப்பாவைக் கையில் கொடுத்தே அனுப்பலாம். டெலிரேடியாலஜியால் முடியாதது இதுதான், வாங்கும் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆதாரம் இல்லாமல் இல்லை. டாக்காவில் 23,954 பேரின் எக்ஸ்ரேயை வைத்து ஐந்து மென்பொருள்களைச் சோதித்த ஆய்வு 2021இல் வெளியானது. டிபியைச் சுட்டிக்காட்டுவதில் ஐந்துமே அங்கிருந்த ரேடியாலஜிஸ்ட்டுகளை முந்தின. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: வயதானவர்களிடமும், முன்பு டிபி வந்து போனவர்களிடமும் அவை தடுமாறின. ஆறிய தழும்பு நுரையீரலில் வெள்ளையாகவே கிடக்கும். கணினிக்குத் தழும்புக்கும் புண்ணுக்கும் வித்தியாசம் சொல்ல நோயாளியின் வரலாறு தெரியாது. உங்களிடம் வருபவர்களில் அறுபது தாண்டிய, பீடி பிடித்த, ஒருமுறை ஆறு மாத மருந்து முடித்த ஆண்கள் அதிகமா? அப்படியென்றால் பிரசுரத்தில் உள்ள சதவீதம் உங்களுடையது அல்ல.

எக்ஸ்ரேயை ஏன் விட முடியாது என்பதற்கு நம் வீட்டுப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று 2019 முதல் 2021 வரை நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பில், அறிகுறி கேட்டு மட்டும் தேடியிருந்தால் நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தவறிப்போயிருப்பார்கள் என்று தெரிந்தது. எக்ஸ்ரேதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. முகாமில் வேன் நிறுத்தி ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்குப் படம் எடுக்கும் வேலைக்கு ஏஐயை மிஞ்ச ஆள் இல்லை.

இனி, விலைப்பட்டியலில் வராதவற்றுக்கு வருகிறேன்.

முதலாவது, வாசல் எண். மென்பொருள் தருவது ஆம், இல்லை என்ற பதில் அல்ல, ஒரு மதிப்பெண். எத்தனைக்கு மேல் போனால் சளி எடுப்பது என்று நீங்கள்தான் வைக்க வேண்டும். ஒரு கம்பெனியின் 50ம் இன்னொரு கம்பெனியின் 50ம் ஒன்றல்ல. ஒரே மென்பொருளின் பழைய வெர்ஷனுக்கும் புதிய வெர்ஷனுக்கும்கூட அது மாறலாம். கிளவுடில் ஓடும் மென்பொருளை ஒரு இரவில் அப்டேட் செய்துவிடுவார்கள், மறுநாள் காலையிலிருந்து சளி டப்பா இரட்டிப்பாகத் தீரும். ஏனென்று யாருக்கும் தெரியாது. முன்கூட்டி எழுத்தில் சொல்லாமல் வெர்ஷன் மாற்றக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இரண்டாவது, மறுக்கப்படும் படங்கள். கூகுள் குழு தாய்லாந்தின் 11 கிளினிக்குகளில் நீரிழிவு விழித்திரை நோய்க்கான ஏஐயைக் களத்தில் இறக்கியது. முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று அது திருப்பி அனுப்பியது. பரிசோதனைக்கூடத்தில் நன்றாக இருந்த அதே மென்பொருள்தான். வெளிச்சம் சரியாக மறைக்கப்படாத அறை, மெதுவான இணையம், வரிசையில் காத்திருக்கும் கூட்டம், இவற்றுக்கு நடுவே நர்ஸுகள் திணறினார்கள். கண்ணுக்கு நடந்தது மார்புக்கு நடக்காது என்று நம்பக் காரணம் இல்லை.

மூன்றாவதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, உங்கள் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 15,000 படம். டெலிரேடியாலஜிக்குப் படம் ஒன்றுக்கு 100 ரூபாய் என்றால் 15 லட்சம். ஏஐக்கு 30 ரூபாய் என்றால் 4.5 லட்சம். ஏஐ சுட்டும் 30 சதவீதத்தை மட்டும் ரேடியாலஜிஸ்ட்டுக்கு அனுப்பினால் இன்னொரு 4.5 லட்சம். மொத்தம் 9 லட்சம், ஆறு லட்சம் மிச்சம் என்று கணக்கர் சந்தோஷப்படுவார். ஆனால் மீதி 10,500 படங்களை எந்த மனிதரும் பார்க்கவில்லை. டிபிக்கு மட்டும் உரிமம் எடுத்திருந்தால் அந்தப் பத்தாயிரத்தில் இருக்கும் கட்டியும், விலா முறிவும் ‘டிபி இல்லை’ என்ற பச்சை விளக்கோடு வீட்டுக்குப் போய்விடும். அந்த ஆறு லட்சம் மிச்சம் பிடித்ததா, தள்ளிப் போட்டதா என்று யோசியுங்கள்.

பிரதிநிதியிடம் கேட்க வேண்டிய இன்னும் இரண்டு: மருத்துவ மென்பொருள் 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வந்துவிட்டது, அதற்கான உரிமம் எங்கே? நெட் போனால் என்ன ஆகும்? உள்ளூரிலேயே பெட்டி வைத்து ஓட்டும் வசதி சிலரிடம் உண்டு. மலைப் பகுதிக்கு அதைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம்.

## வழி 3: சொந்தமாகச் செய்யும் மாடல்

தம்பி மகனைக் குறை சொல்லவில்லை. இன்று கருவிகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் 2015இல் பிறந்த யூ-நெட் வடிவமைப்பு மருத்துவப் படங்களில் உறுப்புகளை வரைந்து பிரிக்க இன்றும் முதல் தேர்வு. மோனாய் என்ற திறந்த மென்பொருள் தொகுப்பு படத்தை ஏற்றுவதிலிருந்து பயிற்சி வரை எல்லாம் தருகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 30,805 பேரின் 1,12,120 மார்பு எக்ஸ்ரேக்களைப் பொதுவெளியில் வைத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் திரையில் ஒரு எண் வர வைத்துவிடலாம். அந்த எண் எதைப் பார்த்து வந்தது என்பதுதான் சிக்கல்.

நானே இதில் சூடுபட்டவன். ஒரு மருத்துவமனையின் பழைய பேக்ஸிலிருந்து சில ஆயிரம் படங்களை எடுத்து, ரிப்போர்ட்டில் இருந்த வார்த்தைகளை வைத்து டிபி உண்டு, இல்லை என்று பிரித்து, நானும் ஒரு இளம் பொறியாளரும் ஒரு மாடல் பண்ணினோம். சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம். மறு வாரம் அவர் சும்மா ஒரு காரியம் செய்தார்: நுரையீரலை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு ஓரங்களை மட்டும் கொடுத்து ஓட்டினார். அப்போதும் மதிப்பெண் பெரிதாக இறங்கவில்லை. இடப்பக்கம் காட்ட வைக்கும் ஈய ‘எல்’ எழுத்துதான் காரணம். ஓபி அறையில் ஒரு மாதிரி எழுத்து, வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் போர்ட்டபிள் மெஷினில் வேறு மாதிரி எழுத்து. தனி வார்டில் படுத்திருந்தவர்களுக்கெல்லாம் போர்ட்டபிளில் எடுத்தார்கள். எங்கள் மாடல் டிபியைக் கற்கவில்லை, வார்டைக் கற்றிருந்தது.

இது எங்கள் முட்டாள்தனம் மட்டுமல்ல என்பது பிறகு தெரிந்து கொஞ்சம் ஆறுதல். 2018இல் அமெரிக்காவில் நிமோனியா மாடல்களைச் சோதித்தவர்கள், படத்தைப் பார்த்தே அது எந்த மருத்துவமனையில் எடுத்தது என்று கணினி 99 சதவீதத்துக்கு மேல் சொல்லிவிடுவதைக் கண்டார்கள். நிமோனியா அதிகம் உள்ள மருத்துவமனையின் படம் என்று தெரிந்தால் போதுமே, நுரையீரலை எதற்குப் பார்க்க வேண்டும்? நான் மேலே சொன்ன அமெரிக்கப் பொதுத் தொகுப்பிலும் ஒரு கூத்து உண்டு. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தவர்கள் என்று குறிக்கப்பட்ட பல படங்களில் அதை வெளியேற்றும் குழாய் ஏற்கெனவே செருகப்பட்டிருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய ரேடியாலஜிஸ்ட் லூக் ஓக்டன்-ரெய்னர் எடுத்துக்காட்டினார். மாடல் குழாயைத் தேடக் கற்றுக்கொண்டால் மதிப்பெண் கூடும். ஆனால் குழாய் போட்ட நோயாளிக்கு நோயைக் கண்டுபிடித்துச் சொல்லி என்ன பயன்?

கோவிட் காலத்தில் இதே கதை மொத்த வியாபாரமாக நடந்தது. 2020இல் எக்ஸ்ரே, சிடி வைத்துக் கோவிட் கண்டுபிடிக்கும் கட்டுரைகள் குவிந்தன. கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அவற்றில் 2,212ஐ எடுத்துச் சலித்தது. தரத்தில் தேறியவை 62. அவற்றிலும் மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை என்று முடித்தார்கள். கோவிட் இல்லாதவர்கள் என்று பலர் எடுத்துக்கொண்ட தொகுப்பு, சீனாவில் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரே. கோவிட் பக்கத்தில் பெரியவர்கள், மறுபக்கத்தில் குழந்தைகள். பெரியவரையும் குழந்தையையும் பிரிக்கத் தெரிந்த மாடலுக்கு மதிப்பெண் ஏறத்தானே செய்யும்.

செலவு எங்கே போகிறது என்று பார்த்தால், கிராபிக்ஸ் கார்டு அல்ல, லேபிள், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் சரியான பதிலைக் குறித்து வைப்பது. டாக்டர் எழுதிய ரிப்போர்ட் கணினிக்காக எழுதியதல்ல. "வலது மேல் மண்டலத்தில் நார்த் தழும்பு, பழைய கோக்ஸ்?" என்று கேள்விக்குறியோடு முடியும் வரியை (கோக்ஸ் என்று டாக்டர்கள் எழுதுவது டிபியைத்தான்) எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? இரண்டு ரேடியாலஜிஸ்ட்டுகளை உட்கார வைத்து ஒவ்வொரு படத்தையும் மறுபடி படிக்க வைக்க வேண்டும், அவர்கள் முரண்பட்டால் மூன்றாமவர் வேண்டும், சளிப் பரிசோதனை முடிவையும் சேர்க்க வேண்டும். ஒரே ஆள் மூன்று முறை வந்து, பதிவேட்டில் ‘முருகன்’, ‘எம். முருகன்’, ‘முருகேசன்’ என்று மூன்று பேராகப் பதிவாகியிருப்பார். அவருடைய ஒரு படம் பயிற்சியிலும் இன்னொன்று சோதனையிலும் விழுந்தால், மாடல் நோயை அல்ல, முருகனின் விலா எலும்பை அடையாளம் கண்டுகொண்டு பாஸாகிவிடும். படத்தின் மூலையில் எரித்துப் பதிந்த பெயரை நீக்குவதும் கை வேலைதான். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளிக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் முன் சொன்ன கருவிச் சட்டமும் வந்து நிற்கும். இத்தனையும் முடித்த பிறகு தம்பி மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும்.

சரி, இந்த வழியே வேண்டாமா? நோயைச் சொல்லும் வேலைக்கு வேண்டாம். படம் சரியாக எடுக்கப்பட்டதா என்று சொல்லும் வேலைக்குத் தாராளமாகச் செய்யுங்கள். சடை விழுந்திருக்கிறதா, உச்சி வெட்டுப்பட்டதா, உடம்பு திரும்பியிருக்கிறதா, முன்பக்கப் படமா பின்பக்கப் படமா என்று நோயாளி அறையை விட்டுப் போவதற்குள் டெக்னீஷியனுக்குச் சொல்லும் சின்ன மாடல். லேபிள் போட ரேடியாலஜிஸ்ட் வேண்டாம், அனுபவமுள்ள டெக்னீஷியனே போதும். தவறிப்போனால் இன்னொரு படம் எடுக்க நேரும், அவ்வளவுதான். உங்கள் ஊர்ப் படங்களில் கற்றது என்பதால் எந்தக் கம்பெனி மென்பொருளையும்விட இது உங்களுக்கு நன்றாக வேலை செய்ய வாய்ப்புண்டு. மேலே சொன்ன இரண்டு வழிகளில் எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் இதைப் பொருத்தலாம்.

இதோடு ஒரு நாலாவது வழியையும் இப்போது கேள்விப்படுகிறேன்: எக்ஸ்ரேயை மொபைலில் எடுத்துப் பொதுவான சாட்பாட்டில் போட்டுக் கேட்பது. நீளமாக, நம்பிக்கையாக, அழகான தமிழில் பதில் வரும். பொதுப் பயன்பாட்டு சாட்பாட் டிபி தேடச் சோதித்துத் தேறிய கருவி அல்ல. நோயாளியின் பெயரோடு சேர்த்து ஏற்றுகிறவர்களையும் பார்த்தேன். வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | டெலிரேடியாலஜி | வாங்கும் ஏஐ | சொந்த மாடல் |
|---|---|---|---|
| பதில் வரும் நேரம் | மணிக்கணக்கு | ஒரு நிமிடத்துக்குள் | ஒரு நிமிடத்துக்குள் |
| டிபி தவிர மற்றவை | எல்லாம் | உரிமம் எடுத்தவை மட்டும் | கற்றுக்கொடுத்த ஒன்று மட்டும் |
| பழைய டிபி தழும்பு | வரலாறு சொன்னால் சமாளிப்பார் | தடுமாறும் | நிச்சயம் தடுமாறும் |
| சடை, ஊக்கு, மோசமான படம் | கண்டுபிடித்துச் சொல்வார் | சில மறுக்கும், சில ஏமாறும் | அதற்கென்றே செய்தால் இதுதான் சிறந்தது |
| கையெழுத்து | ரேடியாலஜிஸ்ட் | உங்கள் டாக்டர் | உங்கள் டாக்டர், நீங்களும் கூட |
| மறைந்திருக்கும் செலவு | திரும்பி வராத நோயாளி | வீண் சளிப் பரிசோதனை, யாரும் பார்க்காத படங்கள், வெர்ஷன் மாற்றம் | லேபிள், செய்தவர் கிளம்பிப் போவது |
| எங்கே பொருந்தும் | கலவையான ஓபி | முகாம், வேன், சிறை, டிபி நோயாளியின் வீட்டார் | படத்தின் தரம் பார்க்க |

## கையெழுத்துப் போடும் முன்

ஏஐ பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்றால், டெமோவில் அவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பேக்ஸிலிருந்து 200 படம் எடுங்கள். அதில் 30 படமாவது சளியில் உறுதியான டிபியாக இருக்கட்டும். மீதியில் பழைய தழும்பு, சடை விழுந்த படம், போர்ட்டபிளில் எடுத்தவை, எழுபது வயதுக்காரர்கள் எல்லாரும் கலந்திருக்க வேண்டும். அழகான படங்களாகப் பொறுக்க வேண்டாம், அசிங்கமானவைதான் பரீட்சை. பெயரை நீக்கிவிட்டுக் கொடுங்கள், பதிலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

30இல் 27 பிடித்துவிட்டது, 90 சதவீதம் என்று உடனே சந்தோஷப்பட முடியாது. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் உண்மையான திறன் 73க்கும் 98க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொல்லும். அதனால் எண்ணைவிட, தவறிய மூன்று படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால், உதாரணமாக மூன்றுமே சர்க்கரை நோயாளிகளின் கீழ்ப்பகுதி டிபி என்றால், அந்த மென்பொருளின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பிரதிநிதி முன்னிலையிலேயே அதைக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்து கம்பெனியைப் பற்றியும் கொஞ்சம் தெரியும்.

அப்புறம் அந்த 200 படத்தையும் பதில்களோடு ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு அலமாரியில் பூட்டி வையுங்கள், கம்பெனிக்காரரிடம் நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டாம். அடுத்த வெர்ஷன் வரும் அன்று அதே படங்களை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.